ரெட் ரிவர் எல்லை: கோர்ட் 1923-லேயே தீர்ப்பு சொல்லிவிட்டதே, மறுபடி அளக்க ஒரு மசோதா எதற்கு?

படுகைக்காரன்:
போன வாரம் டெக்சஸின் விச்சிட்டா ஃபால்ஸிலிருந்து ஓக்லஹோமாவின் லாட்டன் போகும்போது பர்க்பர்னெட் தாண்டி, இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் ஓடும் ரெட் ரிவரின் பாலம் வந்தது. பேர்தான் ஆறு. காவி மணல் பரந்து கிடக்கிறது, நடுவில் நம்ம ஊர் வாய்க்கால் மாதிரி கொஞ்சம் தண்ணீர். வண்டியில் இருந்த நண்பர், இந்த ஆற்றுக்கரையை அளக்கச் சொல்லி 2017-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் மசோதாவே வந்தது என்றார். வீட்டுக்கு வந்து தேடினால் 1923-லேயே சுப்ரீம் கோர்ட் எல்லையைச் சொல்லிவிட்டதாகப் போட்டிருக்கிறது. அப்புறம் எதற்கு மசோதா? யாராவது புரியும்படி சொல்லுங்களேன்.

செங்காவி:
எண்ணெயில் தொடங்கினால்தான் இது புரியும். 1819-ல், டெக்சஸ் ஸ்பெயின் கையில் இருந்தபோது, அமெரிக்கா அதோடு போட்ட ஒப்பந்தத்தில் எல்லை தென்கரை என்று எழுதியாகிவிட்டது, அதாவது ஆறு முழுக்க அமெரிக்கா பக்கம். நூறு வருஷம் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1918-ல் பர்க்பர்னெட்டில் எண்ணெய் பொங்கியது, ஆற்று மணலுக்கும் விலை வந்தது, ஓக்லஹோமா டெக்சஸ் மேல் வழக்குப் போட்டது. கோர்ட் சொன்னது இதுதான்: தென்கரை வரை டெக்சஸ். அந்தத் தகராறு பகுதியில் கரைக்கும் ஆற்றின் நடுக்கோட்டுக்கும் இடைப்பட்ட துண்டு மத்திய அரசுக்கு.

சரி, கரை என்பது எது? அங்கேதான் சிக்கல். ஆறு கொஞ்சம் கொஞ்சமாக அரித்து நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும், ஒரே வெள்ளத்தில் தாவி வேறு தடம் பிடித்தால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும். எது நகர்ந்தது, எது தாவியது என்று நூறு வருஷத்துக்கு அப்புறம் யார் சொல்வது? பி.எல்.எம். என்கிற மத்திய அரசின் நிலத்துறை, 116 மைல் நீளத்தில் 90,000 ஏக்கர் வரை தங்களுடையதாக இருக்கலாம் என்று கணக்குச் சொன்னதும், பத்திரம் வைத்துக்கொண்டு தலைமுறையாக வரி கட்டி வந்த விவசாயிகளுக்குத் தூக்கம் போனது. 2015-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். அப்போது டெக்சஸிலிருந்து கீழ்சபை உறுப்பினராக இருந்த மேக் தோர்ன்பெரி மசோதா கொண்டுவந்தார். எல்லைக் கோட்டை மாற்றச் சொல்லவில்லை அவர், 1923-ல் கோர்ட் சொன்ன முறையிலேயே அளக்க வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. ஆனால் அளப்பவர் பி.எல்.எம். ஆள் இல்லை, மாநில நில அலுவலகம் அமர்த்தும் லைசென்ஸ் பெற்ற சர்வேயர்.

நடுக்கோடு:
செங்காவி அண்ணா ஒரு பக்கத்தைத்தான் சொல்கிறார். மாநிலமும் இந்தத் தகராறில் ஒரு கட்சி இல்லையா? நம்ம ஊரில் வரப்புச் சண்டை வந்தால் எதிராளி தன் மச்சானையே சர்வேயராகக் கூட்டிவந்தால் ஒத்துக்கொள்வோமா? பி.எல்.எம்.முக்கு மேலே இருக்கும் மத்திய இன்டீரியர் துறையின் ஒப்புதல்கூட வேண்டாம் என்று மசோதாவில் இருந்தது. அந்தத் துண்டு நிலத்தின் எண்ணெய் ராயல்டியில் 62.5 சதவீதம் கயோவா, கொமான்சி, அப்பாச்சி பழங்குடிகளுக்கு, 37.5 ஓக்லஹோமாவுக்கு என்று 1926 சட்டம் ஒன்று இருக்கிறது. கோடு வடக்கே ஒரு முழம் தள்ளினால் யார் மடியில் கைவைக்கிறோம் என்று பாருங்கள்.

அதே சமயம் விவசாயிகள் பயந்ததும் நியாயம்தான். அதில் சண்டை இல்லை.

சங்கிலி:
நான் கொள்ளிடப் படுகைகளில் சர்வே வேலை பார்த்தவன். கோர்ட் சொன்ன அந்த முறையை ஒருமுறை படித்தேன், ரொம்ப யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். தண்ணீர் கரையின் அடியைத் தொட்டு நிற்கும் மட்டம் ஒன்று, கரை வழியாமல் நிறைந்து நிற்கும் மட்டம் ஒன்று, இரண்டுக்கும் சரிபாதியில் ஒரு கோடு. அதை ஆற்றின் வாட்டத்தோடு சேர்ந்து சரிவாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஆனால் அதற்கு முதலில் நல்ல வெட்டுக்கரை ஒன்று கிடைக்க வேண்டும், நிமிர்ந்து நிற்கிற மண் சுவர் மாதிரி. மணல் மேடும் கோரையும் சீமைக்கருவேலுமாக இருக்கிற இடத்தில் கருவியைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடந்தாலும் கரை எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. இரண்டு நல்ல சர்வேயர்கள் இரண்டு கோடு போடுவார்கள், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. (நம்ம சர்வே, எல்லைகள் சட்டமும் அதே 1923-தான், சும்மா சொல்கிறேன்.)

படுகைக்காரன்:
இப்போதுதான் விளங்குகிறது, கோடு எது என்பதில் இல்லை சண்டை, கருவியை யார் பிடிப்பது என்பதில்தான். கடைசியில் மசோதா என்ன ஆனது?

செங்காவி:
2017 பிப்ரவரியில் கீழ்சபையில் நிறைவேறியது, செனட்டைத் தாண்டவில்லை. அதே வருஷம் வழக்கு சமரசத்தில் முடிந்து பி.எல்.எம். தன் பழைய சர்வேக்களைக் கைவிட்டது. நடுக்கோடு தம்பி சொன்ன மச்சான் விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை, ஆனால் பி.எல்.எம். மட்டும் யாராம்? அதுவும் நிலம் கேட்டு வந்த கட்சிதானே.

படுகைக்காரன்:
அடுத்த தடவை பாலத்துக்குக் கீழே இறங்கி வெட்டுக்கரை தெரிகிறதா என்று பார்க்கப் போகிறேன்.

நடுக்கோடு:
நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தாதீர்கள், போலீஸ் வந்துவிடும். எந்த மாநிலத்துப் போலீஸ் என்று கேட்டால் அதற்கு வேறு கோடு: 2000-ல் இரண்டு மாநிலமும் ஒப்பந்தம் போட்டுத் தென்கரையில் செடிகொடி தொடங்கும் வரியை மாநில எல்லையாக வைத்துக்கொண்டார்கள். ஃபைனுக்கு அந்தக் கோடு, பட்டாவுக்கு 1923 கோடு.