புதுப்பிப்பு: தம்பியின் என்.சி.சி. பூட்ஸ் பளபளத்துவிட்டது

தம்பியின் என்.சி.சி. பூட்ஸுக்கு எவ்வளவு பாலிஷ் போட்டாலும் மங்கலாகவே இருக்கிறது, அணிவகுப்புக்குள் பளபளப்பு வருமா என்று கேட்டிருந்தேன். வந்துவிட்டது. நீங்கள் சொன்ன தண்ணீர் முறைதான்.

பழைய பனியன் துணியை இரண்டு விரலில் இறுக்கிச் சுற்றி, மெழுகு பாலிஷை மிகக் கொஞ்சமாகத் தொட்டு, பூட்ஸின் முன்நுனியில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தோம். சற்றுக் காய்ந்ததும் ஒரு சொட்டு குளிர்ந்த தண்ணீர், மறுபடி வட்டம். முதலில் புகை படிந்தது போல மங்கும். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாமல் மெல்லிய பூச்சாக ஏற்றிக்கொண்டே போனால், பாலிஷில் உள்ள கரைப்பான் ஆவியாகி, மெழுகு தோலின் நுண்துளைகளை நிரப்பிச் சமமாகிறது. அப்புறம் டியூப்லைட்டே அதில் நேர்கோடாகத் தெரிகிறது!

ஒன்று முக்கியம்: கால் மடங்கும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள். மெழுகு வெடித்து உதிரும். முன்நுனியும் குதிகாலும் போதும். மற்ற இடத்துக்கு பிரஷ்தான் சரி.

லைட்டரால் பாலிஷைச் சூடாக்கச் சொன்ன யோசனையை மட்டும் தொடவில்லை. அந்தக் கரைப்பான் தீப்பிடிக்கக்கூடியது, பள்ளிப் பிள்ளைகள் கையில் அது வேண்டாம்.

பொறுமையாக எழுதிச் சொன்ன அனைவருக்கும் மிக்க நன்றி.