நாரி நோவுக்கு நரம்பைச் சூடாக்கும் சிகிச்சை: செய்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 64 வயது, நாலு வருடமாக நாரி நோ. இருந்து எழும்பும்போதும் பின்பக்கம் வளையும்போதும்தான் கூடும். காலில் விறைப்போ இழுவையோ இல்லை. எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 என்ற கீழ்முதுகுப் பகுதியில் முள்ளந்தண்டின் சிறு மூட்டுகள் தேய்ந்திருப்பதாக வந்தது.

பிசியோதெரபி, பெல்ட், ஆயுர்வேத எண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று. மாத்திரை இப்போது வயிற்றுக்கு ஒத்துவரவில்லை.

போன மாதம் அந்த மூட்டுகளின் நரம்புகளில் சோதனைக்காக விறைப்பு ஊசி போட்டார்கள். அன்று பின்னேரம் அம்மா குசினியில் நின்று தானே சமைத்தார். எவ்வளவு காலத்துக்குப் பிறகு! இரவே நோ திரும்பிவிட்டது. ஊசி கேட்டபடியால், ரேடியோ அலைச் சூட்டால் அதே நரம்புகளைச் செயலிழக்க வைக்கலாம் என்கிறார் டொக்டர். நரம்பு மீண்டும் வளருமாம். அதனால் பலன் பொதுவாக ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல். முதல் சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள், நோ கூடவும் செய்யலாம் என்றார்.

அம்மா பயப்படுகிறார். அவருக்கு டொக்டரின் விளக்கத்தை விட, செய்தவர்களின் வார்த்தைதான் தைரியம் தரும்.

கொழும்பில் இதைச் செய்துகொண்டவர்களே, உங்களுக்கு எத்தனை மாதம் நோ அடங்கியிருந்தது?