கோஃபி, குவாமே, குவாசி: கானாவின் அக்கான் மக்களிடையே கிழமைப் பெயர்கள்

வினா – வாசுகி
ஐ.நா. சபையின் முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னானின் பெயரில் உள்ள 'கோஃபி', வெள்ளிக்கிழமை பிறந்த ஆணைக் குறிக்கும் என்று அறிந்தேன். அக்கான் மக்கள் எல்லாக் குழந்தைகளுக்கும் கிழமையை ஒட்டியே பெயரிடுகிறார்கள் என்றால், ஒரே தெருவில் பல கோஃபிகள் இருப்பார்களே, அவர்களை எவ்வாறு பிரித்தறிகிறார்கள்?

மறுமொழி – இளவேனில்
கிழமைப் பெயர் பெற்றோர் தேர்ந்தெடுப்பதன்று. பிறந்த கிழமைக்குரிய ஆன்மாவுடனேயே குழந்தை வருகிறது என்பது அவர்களின் நம்பிக்கையாதலால், அதனை ஆன்மாவின் பெயர் என்றே கருதுகிறார்கள். எட்டாம் நாள் விடியற்காலையில் குழந்தையை வெளியே கொண்டுவந்து, அதன் நாவில் ஒரு துளி நீரையும் பிறகு ஒரு துளி மதுவையும் வைத்து, நீரை நீர் என்றும் மதுவை மது என்றும் சொல்ல வேண்டும், அதாவது பொய் கூடாது என்று அறிவுறுத்துவார்கள். தந்தை தாம் மதிக்கும் ஒரு மூத்தவரின் பெயரைப் பெரும்பாலும் அப்போதுதான் சூட்டுவார். ஆளை அடையாளம் காட்டுவது அந்தப் பெயரே. பிறப்பு வரிசையும் உதவும்: மூன்றாவது மகன் மென்சா, இரட்டையர் எனில் ஆட்டா. 1938 ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமையன்று கோஃபி அன்னானுடன் இரட்டையாகப் பிறந்த சகோதரி எஃபுவா ஆட்டா. எஃபுவா என்பதும் வெள்ளிக்கிழமைக்குரிய பெண்பெயரே. 'அன்னான்' நான்காவது பிள்ளையைக் குறித்தாலும், அவருடைய தந்தையும் ஹென்றி ரெஜினால்ட் அன்னான்தான் என்பதால், இங்கே அது குடும்பப் பெயராகவே வந்திருக்கிறது.

மறுமொழி – நெடுஞ்சேரலாதன்
தேதி மறந்துபோனாலும் கிழமை பெயரில் நின்றுவிடுகிறது. கானாவின் முதல் குடியரசுத் தலைவர் குவாமே நிக்ரூமாவுக்கு ஞானஸ்நானம் அளித்த பாதிரியார் அவருடைய பிறந்த நாளை 1909 செப்டம்பர் 21 என்று பதிவு செய்தார், அது செவ்வாய்க்கிழமை. குவாமே என்பதோ சனிக்கிழமைப் பெயர். ஆகவே, தாம் பிறந்தது 18-ஆம் தேதி, சனிக்கிழமையாகவே இருக்கக்கூடும் என்று நிக்ரூமா தம் தன்வரலாற்றில் கணக்கிட்டிருக்கிறார். பாதிரியாரின் ஏட்டைவிட எனக்கும் அந்தக் கணக்கே நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது.

வாசுகி
நன்றி. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களோடு இப்பெயர்களும் கடல் கடந்தனவா?

மறுமொழி – இளவேனில்
கடந்தன, எழுத்து மட்டும் உருமாறியது. 1739-இல் ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இறங்கிவரச் செய்த ஜமைக்காவின் மரூன்களின் (தப்பியோடித் தனிச் சமூகமாக வாழ்ந்த அடிமைகளின்) தலைவர் 'கட்ஜோ', திங்கட்கிழமைக்குரிய குவாஜோ. இன்றைய கயானாவிலுள்ள பெர்பீஸில் 1763-இல் கிளர்ச்சியை வழிநடத்திய 'கஃபி', நம் கோஃபியேதான். ஞாயிற்றுக்கிழமைக்குரிய குவாசி பட்ட பாடு தனி: ஜமைக்காவில் அது முட்டாளைக் குறிக்கும் ஏளனச் சொல்லாகத் தேய்ந்தது, சுரினாமிலோ, அடிமையாக இருந்து விடுதலை பெற்ற குவாசி என்ற மருத்துவர் காய்ச்சலுக்குப் பயன்படுத்திய கசப்பு மரத்துக்கு, சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அவர் பெயரையே ஒட்டிக் 'குவாசியா' என்று பெயரிட்டார்.