அம்மாவுக்கு எப்படி விளக்குவது? மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கேள்வி

வணக்கம். கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா தவறிவிட்டார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், அப்புறம் செம்பனைத் தோட்டத்தில் வேலை. அம்மா ஒருவாறு தாங்கிக்கொண்டார். "மேலே போய் அவரைப் பார்த்துக்கிறேன்" என்பதுதான் அவருடைய பலமே.

வீட்டு ஜெபக் கூட்டத்தில் யாரோ மத்தேயு 22:30-ஐ வாசித்தார்கள். உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும், அதாவது கல்யாணம், இல்லை என்கிற வசனம். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, தூக்கமும் இல்லை. அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து வைத்திருக்கிறார். "அங்க போனா அவரு என்னை யாருன்னு கேப்பாரா?" என்கிறார்.

யோவான் 14, வெளிப்படுத்தல் 21:4, 1 தெசலோனிக்கேயர் 4 எல்லாம் வாசித்துக் காட்டினேன். தலையாட்டுகிறார், அவ்வளவுதான். அந்த மத்தேயு வசனம், உயிர்த்தெழுதலை நம்பாத சதுசேயர், ஒருத்தியை ஏழு சகோதரர் அடுத்தடுத்து மணந்த கதையை வைத்து இயேசுவை மடக்கக் கேட்ட கேள்விக்குப் பதில், ஒருவரையொருவர் மறந்துபோவோம் என்று அதில் இல்லை என்றும் சொன்னேன். லூக்கா 16-இல் ஐசுவரியவான் லாசருவை அடையாளம் கண்டதைச் சொன்னால், "அவன் நரகத்துல இல்ல இருந்தான்?" என்று மடக்குகிறார். பதில் வரவில்லை எனக்கு. போதகரோ "விசுவாசியுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, தோட்டப் பள்ளியோடு படிப்பு நின்றது. பெரிய இறையியல் வேண்டாம்.

அப்பா பரலோகத்தில் தன்னை அடையாளம் கண்டுகொள்வார் என்று அம்மா நம்பும்படி, எந்த வசனத்தை வைத்து, எப்படிப் பேசுவது?