கரண்ட் பில் எகிறிய அனுபவம்: மதுரைப் பக்கம் உங்களுக்கு என்ன நடந்தது?

அனுப்பானடி அக்கா:

2023 சித்திரைத் திருவிழா முடிந்த வாரம். ரீடிங் எடுப்பவர் அந்தத் தடவை வழக்கமான தேதிக்கு வரவில்லை, ஒரு வாரத்துக்கு மேல் தள்ளித்தான் வந்தார். மெஷினில் போட்டுப் பார்த்துவிட்டு, "512 வருதும்மா, 500 தாண்டிருச்சு" என்றார். 2046 ரூபாய்.

500 தாண்டினால் என்ன ஆகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். 2022 செப்டம்பர் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1725 ரூபாய்தான். 501 ஆனால் 1958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! அப்போது 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய் என்பது, 500-க்குள் நிற்பவர்களுக்கு மட்டும். தாண்டினால் அந்த நூறுக்கும் 4.50 ஆகிவிட்டது. 2024 ஜூலையில் இன்னும் கொஞ்சம் கூடியது.

12 யூனிட் எங்கள் வீட்டில் இரண்டு நாளில் ஓடிவிடும். அறுபதாம் நாள் வந்திருந்தால் 500-க்குள்தான் நின்றிருக்கும். ரீடிங் குறிக்கும் வெள்ளை அட்டையில் முந்தைய தேதியைக் காட்டி, "நாள் கூடிப்போச்சே சார்" என்றேன். "நான் என்னம்மா செய்ய, மூணு ஏரியாவுக்கும் ஒரே ஆளு" என்றார். சட்டை முழுக்க வியர்வை. அவரிடம் சண்டை போட மனம் வரவில்லை, குடிக்கத் தண்ணீர்தான் கொடுத்தேன். அப்பாவின் பென்ஷனில் ஓடுகிற வீடு இது. அந்த 512 இன்றும் கண்ணிலேயே நிற்கிறது.

திருப்பரங்குன்றம் மாடிவீடு:

எங்களுக்கு வீட்டில் ஆளே இல்லாதபோது பில் வந்தது. மகள் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தோம். பிரிட்ஜைக்கூடக் காலி செய்து, அணைத்துவிட்டுத்தான் பூட்டினோம். திரும்பி வந்து பார்த்தால் முந்நூறு யூனிட்டுக்கு மேல் ஓடியிருக்கிறது.

வீட்டு ஓனரிடம் சொன்னால், "போறப்ப எதையாவது போட்டுட்டுப் போயிருப்பீங்க" என்றார். எனக்கு ஆறவில்லை. பழங்காநத்தத்திலிருந்து ஒரு வயதான எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தேன். அவர் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் மீட்டர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எங்கள் வீட்டுக் கரண்டைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டு, "இப்போ பாருங்க" என்றார். கரண்ட் ஓடினால் மின்னும் மீட்டரின் சிவப்பு விளக்கு படபடவென்று மின்னிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் ஒரு பல்பு கிடையாது, மின்விசிறி கிடையாது, எல்லாம் அணைந்து கிடக்கிறது. விளக்கு மட்டும் மின்னுகிறது.

"கீழ்வீட்டுல ஏசியை நிறுத்தச் சொல்லுங்க" என்றார். நிறுத்தினார்கள். விளக்கு மெதுவானது. உள்ளே கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது, அதையும் நிறுத்தச் சொன்னார். இன்னும் மெதுவானது. கடைசியில் அவர்கள் பிரிட்ஜையும் அணைத்ததும் அப்படியே நின்றுவிட்டது. ஏசியைத் திரும்பப் போடச் சொன்னார். பழையபடி படபட.

ஒரே வீட்டை மாடி, கீழ் என்று இரண்டாகப் பிரித்தபோது இரண்டு வீட்டு நியூட்ரல் ஒயரையும் (கரண்ட் திரும்பிப் போகிற ஒயர்) எங்கோ ஒன்றாகச் சேர்த்து முறுக்கியிருக்கிறார்கள். இப்போதைய எலெக்ட்ரானிக் மீட்டர்கள் பலவும், பேஸ் ஒயரில் உள்ளே போகிற கரண்டையும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டையும் இரண்டையும் பார்த்து, எது அதிகமோ அதைக் கணக்கில் ஏற்றிக்கொள்ளும். திருட்டைத் தடுக்க வைத்த ஏற்பாடு. கீழ்வீட்டுக் கரண்ட் எங்கள் நியூட்ரல் வழியாகத் திரும்பியதால் எங்கள் மீட்டர் ஓடியது. அதனால் அவர்களுக்கு ஒரு பைசா குறையவில்லை என்பதுதான் கொடுமை. அவர்களுடைய பேஸில் முழுதாகப் போனதால் அவர்கள் மீட்டரும் முழுதாக ஓடியிருக்கிறது. ஒரே கரண்டுக்கு இரண்டு குடும்பம் பணம் கட்டியிருக்கிறோம்.

அந்த விளக்கை வந்து ஒரு தடவை பாருங்கள் என்று ஓனரைக் கூப்பிட்டேன். அவர் வரவே இல்லை.

திருநகர் சார்:

மாடிவீட்டுக்காரர் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் அதைப் படித்துவிட்டு ஆளாளுக்கு மீட்டரைச் சந்தேகப்பட ஆரம்பிப்பார்கள், அதனால் சொல்கிறேன். பத்தில் ஒன்பது வீட்டில் காரணம் ஏசிதான். என் வீட்டிலும் அப்படித்தான், மகன் வீட்டிலிருந்து வேலை பார்த்த கோடையில் பில் இரண்டு மடங்கு ஆனது. அவ்வளவுதான் என் கதை.

கணக்கைப் பாருங்கள். ஒன்றரை டன் ஏசி, கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடுவதையும் சேர்த்து மணிக்கு ஒரு யூனிட் என்று வையுங்கள். இரவு எட்டு மணி நேரம், அறுபது இரவு. 480 யூனிட் அங்கேயே முடிந்தது. மற்ற எல்லாம் சேர்ந்தால் 500 எப்படித் தாண்டாமல் இருக்கும்? ஏசியை 18 டிகிரியில் வைத்துவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொள்வது நம் ஊரில் ஒரு பழக்கமாகிவிட்டது. ஸ்டார் போட்ட ஏசி எல்லாம் முதலில் 24-இல்தான் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரியிலிருந்து விதியே இருக்கிறது. 26-இல் வைத்து ஃபேனை மெதுவாக விட்டால் போதும். ஃபில்டரை மாதம் ஒரு தடவை கழுவுங்கள், ரோட்டுப் புழுதியில் அடைத்துப்போகும்.

அப்புறம் ஃபேன். பழைய ஃபேன் 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் பக்கம். இருபது மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் பழைய ஃபேனுக்கு 90 யூனிட், மற்றதற்கு 36. மூன்று ஃபேன் உள்ள வீட்டுக்குப் பெருக்கிப் பாருங்கள். பிரிட்ஜ் கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள், சும்மா வந்துவிட்டால் ரப்பரை மாற்றுங்கள். சோலாரும் யோசிக்கலாம், மத்திய அரசின் சூரிய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு.

மேலூர் பக்கத்து மருமகள்:

திருநகர் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டில் ஏசியே கிடையாது. நீங்கள் சொல்லும் பத்தில் ஒன்பது எந்த ஊர்க் கணக்கு?

கல்யாணமாகி வந்த முதல் கோடை. பில் வழக்கத்தைவிட ரொம்பக் கூட வந்தது. மாமனார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது, "தினமும் கிரைண்டர் போட்டா இப்படித்தான் வரும்" என்றார். வாரத்துக்கு இரண்டு நாள்தான் மாவு ஆட்டுவேன். நான் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் அரிசியை ஊறப்போடவே கை வரவில்லை.

காரணம் போர்வெல் மோட்டார். ஒருநாள் தொட்டி நிறைந்து மோட்டாரை நிறுத்திவிட்டுத் துணி துவைத்துக்கொண்டிருந்தேன், குழாய்க்குள் சலசலவென்று சத்தம். காதை வைத்துக் கேட்டால் தண்ணீர் கீழே இறங்குகிறது. திரும்ப விடாமல் தடுக்கிற வால்வு போய்விட்டது. ஏற்றிய தண்ணீர் பாதி போருக்கே திரும்பியிருக்கிறது, அதற்காக மோட்டார் மறுபடி மறுபடி ஓடியிருக்கிறது. கோடையில் மட்டம் கீழே போனதால் ஏற்றவும் நேரம் கூட எடுத்திருக்கிறது. ஒரு ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். 150 வாட் கிரைண்டர் ஒரு யூனிட் ஆக ஆறேழு மணி நேரம் ஓட வேண்டும்.

வால்வை மாற்றியதும் அடுத்த பில் இறங்கியது. மாமனார் நல்ல மனிதர், என்னை மகள் மாதிரிதான் பார்க்கிறார். ஆனால் அன்று சொன்னதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

செல்லூர்த் தம்பி:

2020 ஊரடங்கை யாரும் சொல்லவில்லையே? ரீடிங் எடுக்க ஆள் வரவில்லை, போன தடவைத் தொகையையே கட்டுங்கள் என்றார்கள், கட்டினோம். பிறகு நான்கு மாதத்துக்கும் சேர்த்து எடுத்து, இரண்டாகப் பிரித்து, கட்டிய பணத்தைக் கழித்தார்கள். தறி நின்று, வருமானம் நின்று, குடும்பமே வீட்டுக்குள் இருந்த நேரம். அம்மா தோட்டை அடகு வைத்துத்தான் கட்டினார்.

அனுப்பானடி அக்கா, அடுத்த தடவை அறுபதாம் நாள் காலையில் மீட்டரைத் தேதி தெரியும்படி போனில் படம் எடுத்து வையுங்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-இலும் சொல்லுங்கள். மீட்டர் மேலேயே சந்தேகம் என்றால் பணம் கட்டிச் சோதிக்கச் சொல்லலாம். அதற்கும் சரிவராவிட்டால் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, அதற்கு மேலே மின் குறைதீர்ப்பாளர்.

அனுப்பானடி அக்கா:

படம் எடுத்து வைக்கிறேன் தம்பி. மாடிவீட்டு அண்ணே, அந்த நியூட்ரல் வேலையை யார் செலவில் செய்தீர்கள்? எங்கள் வீடும் பிரித்த வீடுதான், பின்பக்கம் ஒரு குடித்தனம் இருக்கிறது.

திருப்பரங்குன்றம் மாடிவீடு:

நாங்களும் கீழ்வீட்டாரும் ஆளுக்குப் பாதி போட்டோம்மா. எலெக்ட்ரீஷியன் இரண்டு வீட்டு நியூட்ரலையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார், ஒருநாள் வேலைதான். முன்னால் கட்டிய பணம் திரும்ப வரவில்லை. மீட்டர் சரியாகத்தான் ஓடியிருக்கிறது, கோளாறு உங்கள் ஒயரிங்கில் என்று மின்வாரியத்தில் சொல்லிவிட்டார்கள். நீங்கள் உங்கள் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, பின்வீட்டில் ஏசியோ அயர்ன்பாக்ஸோ போடச் சொல்லி, உங்கள் மீட்டர் விளக்கைப் பாருங்கள். மின்னினால் எழுதுங்கள், எலெக்ட்ரீஷியனை அனுப்பி வைக்கிறேன்.