பொருள்: டிராகன் உருவத்தின் ‘ஆர்டிகுலேஷன்’, தமிழில் என்ன?

மடல் 1 (மொழிபெயர்ப்பாளர்)

அன்பர்களுக்கு வணக்கம். சேகரிப்புப் பொம்மைகளை மதிப்பிடும் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். டிராகன் உருவம் ஒன்றை அலமாரியில் வைத்துப் பார்க்க எப்படி, கையில் எடுத்து விளையாட எப்படி என்று தனித்தனியாக மதிப்பெண் போடும் பகுதியில் மாட்டிக்கொண்டேன். ஆர்டிகுலேஷன் என்பது கழுத்து, தாடை, சிறகு, வால் எங்கெல்லாம் மூட்டு உண்டு, எவ்வளவு திரும்பும் என்பது. போசபிலிட்டி என்பது திருப்பிவிட்ட பிறகு அப்படியே நிற்குமா என்பது. இரண்டுக்கும் ‘அசையும் தன்மை’ என்று எழுதியிருக்கிறேன். அட்டவணையில் ஒரே தலைப்பு இரண்டு முறை நிற்கிறது.

மடல் 2 (தமிழாசிரியர்)

அட்டவணை இருக்கட்டும், முதலில் பெயர். டகரம் மொழிக்கு முதலில் வராது. ‘திராகன்’ என்று எழுதலாம். அதைவிட நம்மிடம் யாளி இருக்கிறது. பொம்மையும் வேண்டாம், பாவை போதும். ‘நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை நாணால் உயிர்மருட்டி யற்று’ (குறள் 1020). பாவையும் இயக்கமும் ஒரே குறளில்! ‘பாவையியக்கம்’ என்று வையுங்கள்.

மடல் 3 (சேகரிப்பாளர்)

ஐயா, யாளிக்குச் சிங்க உடல், சிலவற்றுக்குத் துதிக்கையும் உண்டு. டிராகன் பெட்டியைத் திறக்கிற பிள்ளை துதிக்கையைத் தேடும். பாவை என்றால் பெண்ணும்தானே? 1964இல் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற படைவீரன் பொம்மையை விற்கும்போது, ‘டால்’ என்றால் பையன்கள் தொடமாட்டார்கள் என்றுதான் ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் குறளில் ‘இயக்கம்’ நாணம் இல்லாதவர்களுடையது, பாவையுடையது அல்ல. பாவையை ஆட்டுவது கயிறு. கயிற்றை விட்டால் பாவை சரிந்துவிடும். இவர் கேட்கும் இரண்டாவது சொல் கையை எடுத்த பிறகும் நிற்பதைப் பற்றியது.

டிராகனில் இது பெரிய விஷயம். விரித்த சிறகு கனமானது. தோள் மூட்டு தளர்ந்தால் தொங்கிப்போகும். உராய்வால் நிற்கும் மூட்டை எந்தக் கோணத்திலும் நிறுத்தலாம், ஆனால் திருப்பத் திருப்பத் தேயும். பல்வைத்த மூட்டு ‘டக் டக்’ என்று படிப்படியாகத்தான் திரும்பும். பாரத்தை நன்றாகத் தாங்கும். பின்னங்காலில் எழுந்து நிற்க வைத்தால் வால்தான் மூன்றாவது கால். மூட்டு கூடினால் விளையாட நல்லது. ஆனால் ஒவ்வொரு மூட்டிலும் செதில் வரிசை வெட்டுப்படும், அலமாரிக்கு அழகு குறையும். முப்பது மூட்டு வைத்தும் நிற்கத் தெரியாத டிராகன் உண்டு, ஆறே மூட்டில் கம்பீரமாக நிற்பதும் உண்டு. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் மதிப்பெண்ணே பொய்.

மடல் 4 (வேர்ச்சொல் ஆர்வலர்)

மூட்டு என்றால் இணைப்பு. தீ மூட்டு என்றால் கொளுத்துதல். நெருப்பு உமிழும் உயிருக்கு மூட்டு! இதை விடலாமா? இரண்டும் ஒரே வேரா என்று தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். மூங்கிலுக்குக் கணு, கரும்புக்கும் கணு. ஆகவே ‘கணுவியக்கம்’ என்றும் ஆகலாம். போசுக்கு, அதாவது நிற்கும் தோரணைக்கு, தொல்காப்பியர் ‘மெய்ப்பாடு’ (உள்ளத்து உணர்ச்சி உடலில் தெரிவது) என்று எப்போதோ கொடுத்துவிட்டார்.

மடல் 5 (சேகரிப்பாளர்)

எட்டு மெய்ப்பாட்டில் டிராகனுக்கு வெகுளியும் பெருமிதமும் சரி. அழுகைக்கு எத்தனை மூட்டு வேண்டும்?

மடல் 6 (உயிரியல் ஆசிரியை)

பாடநூலில் பந்துக்கிண்ண மூட்டு, கீல் மூட்டு என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். தோளுக்கு முதலாவது, தாடைக்கு இரண்டாவது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அதனால் ‘மூட்டசைவு’. மற்றதற்கு ‘நிலைகொள்திறன்’. கணு வேண்டாம், செடி ஞாபகம் வரும். கையேட்டில் கொம்பு, சிறகு நுனி உடைந்து சின்னத் துண்டாகுமா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறதா? மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும். கலைச்சொல்லை விட அது முக்கியம்.

மடல் 7 (தமிழாசிரியர்)

மூட்டசைவு சரி. நிலைகொள்திறன் படைவீரனுக்குப் பொருந்தும், பாவைக்குப் பொருந்தாது. ‘நிற்புமை’ பாருங்கள்.

மடல் 8 (சேகரிப்பாளர்)

‘நிற்புமை’ என்று பெட்டியில் போட்டால் விற்பனை விலை என்று நினைப்பார்கள். நிலைகொள்திறனுக்கு என் வாக்கு. யாரும் புதிதாக எதுவும் சொல்லாதீர்கள், இவர் பாவம்.

மடல் 9 (மொழிபெயர்ப்பாளர்)

நன்றி. மூட்டசைவு, நிலைகொள்திறன் இரண்டையும் போட்டு இன்றிரவு அனுப்புகிறேன். உடையும் நுனி பற்றிய வரி இருக்கிறது அம்மா, எச்சரிக்கைக் கட்டத்துக்கு நகர்த்திவிட்டேன். டிராகன் டிராகனாகவே இருக்கும்.

மடல் 10 (தமிழாசிரியர்)

அடிக்குறிப்பிலாவது ‘திராகன்’ போடுங்கள். விவிலியத் தமிழில் ‘வலுசர்ப்பம்’ என்று இருப்பதையும் யாரும் சொல்லவில்லை. அப்புறம், ‘திறன்’ உயிருள்ளவற்றுக்கு மட்டும் வருமா என்பதைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.