குடும்பக் குழு: திங்கட்கிழமைக்குள் முன்பணம்

சுந்தர்: வித்யா ஆபீஸ் போகும் வழியில் மூன்று படுக்கையறை ஃபிளாட் ஒன்று வந்திருக்கிறது. வாடகைக்கு விடலாம். புது கம்பெனிக்கு வெளியூரிலிருந்து ஐயாயிரம் பேர் வரப்போகிறார்களாம். திங்கட்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். பழைய வீடு விற்ற பணம் சும்மாதானே கிடக்கிறது?

பெரியப்பா: ஐயாயிரம் யார் சொன்னது?

சுந்தர்: விற்கிறவர்தான் பெரியப்பா

சுமதி அத்தை: விற்கிறவர் வேறு என்ன சொல்வார்

ராஜு சித்தப்பா: நல்ல யோசனை. வாடகையிலேயே கடன் அடைந்துவிடும்

சுமதி அத்தை: மனை வாங்கும்போதும் இதையேதான் சொன்னாய் ராஜு

ராஜு சித்தப்பா: அக்கா, அதை விடு

வித்யா: ஆள் வந்தால் வாடகை ஏறும் என்பது உண்மைதான். 1980இல் கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து சில மாதங்களில் சுமார் 1,25,000 பேர் படகேறி அமெரிக்கா வந்தார்கள். நிறையப் பேர் அங்கே மயாமி நகரிலேயே தங்கிவிட்டார்கள். 1979–81இல் அங்கே வாடகை, ஒப்பிட்ட மற்ற நகரங்களைவிட 8 முதல் 11 சதவீதம் கூடுதலாக ஏறியது என்று ஆல்பர்ட் சைஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் கணக்கிட்டிருக்கிறார்.

ராஜு சித்தப்பா: பார்த்தீர்களா!

வித்யா: இன்னும் முடிக்கவில்லை சித்தப்பா. உயர்தர வீடுகளின் வாடகை அதனால் அசையவே இல்லை. வருமானம் குறைந்தவர்கள் இருந்த வீடுகளில்தான் ஏற்றம் அதிகம். புதிதாக வருகிறவர்கள் சேர்ந்து சின்ன வீடாகத்தான் பிடிப்பார்கள். அண்ணா பார்ப்பது பெரிய வீடு.

சுமதி அத்தை: நாங்கள் பிழைக்கப் போன இடத்தில் ஒரே அறையில் ஏழு பேர். மின்விசிறிக்கு நேர் கீழே படுக்க முறை வைத்திருந்தோம். வீட்டுக்காரர் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை வாடகையை ஏற்றினார். எங்களுக்குப் போக வேறு இடமில்லை என்று அவருக்குத் தெரியும்.

பெரியப்பா: உன் கடிதம் வந்தது சுமதி. அப்போது நான் ஏதாவது செய்திருக்க வேண்டும்.

கார்த்தி: நாளைக்குப் பாட்டியைக் கண் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போகிறீர்கள்?

பெரியம்மா: நான். 10 மணி. பழைய கண்ணாடியும் வேண்டுமாம்

சுந்தர்: ஐயாயிரம் பேர் வந்தால் எந்த வீடும் காலியாக இருக்காதே?

வித்யா: வந்தவர்கள் இருப்பார்களா, அதைப் பாருங்கள் அண்ணா. கனடாவில் வெளிநாட்டு மாணவர்களை நம்பிச் சின்ன ஃபிளாட் வாங்கியவர்கள் உண்டு. 2024 ஜனவரியில் அரசு படிப்பு அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது, முந்தைய ஆண்டைவிடச் சுமார் 35 சதவீதம் குறைவாக. கட்டி முடித்த புது ஃபிளாட்டுகளும் அதே சமயத்தில் வந்து குவிந்தன. 2025இல் புதிதாகக் கேட்கும் வாடகை இறங்கிவிட்டது. கடன் தவணை வாடகையோடு சேர்ந்து இறங்காது. அமெரிக்காவில் கார் தொழிலை நம்பியிருந்த டெட்ராய்ட் நகரில் 1950இல் 18 லட்சத்துக்கு மேல் ஆட்கள். 2020இல் 6.4 லட்சம்கூட முழுசாக இல்லை.

ராஜு சித்தப்பா: இப்படிப் பயந்தால் எதையும் வாங்க முடியாது

வித்யா: பயம் இல்லை சித்தப்பா. நேற்று ராத்திரி 9 மணிக்கு அந்தக் கட்டடத்தின் எதிரே நின்று எண்ணினேன். 48 வீட்டில் 19இல்தான் விளக்கு. பல சன்னல்களில் கண்ணாடியில் ஒட்டி வந்த காகிதத்தைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

சுந்தர்: அதை அவர் சொல்லவில்லையே

பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை இருட்டிய பிறகு எல்லாருமாகப் போய்ப் பார்ப்போம்.

ராஜு சித்தப்பா: அதற்குள் வேறு யாராவது வாங்கிவிட்டால்?

சுந்தர்: ஒரு வாரம் தவணை கேட்டுப் பார்க்கிறேன்

சுமதி அத்தை: என் பங்கை இப்போதைக்குத் தொடாதீர்கள். சின்ன வீடாகப் பார்த்தால் சொல்லுங்கள். குடியிருப்பவர்களைக் கேட்காமல் வாடகையை ஏற்றமாட்டோம் என்று ராஜுவும் சொல்லட்டும்.

சுந்தர்: சித்தப்பா?

கார்த்தி: பாட்டியின் பழைய கண்ணாடி பீரோவில் இல்லையே, யார் எடுத்தது?